கட்டுவிரியன் ஆஜர்

நாற்பதாயிரம் பேர் குடியிருந்த ஒரு பட்டணத்தை ராஜபாளையத்தில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசைமேல் வைத்து நாங்கள் ஆண்டோம்.

சரி, கொஞ்சம் கூட்டித்தான் சொல்லிவிட்டேன். நாற்பதாயிரம் இல்லை, சில நூறு பேர் இருக்கலாம். அவர்களிலும் பாதிப்பேர் சனிக்கிழமை சாயங்காலம்தான் தலைகாட்டுவார்கள். 'நாங்கள்' என்பதும் மிகை. ஆண்டது என் மகள் வயிற்றுப் பேத்தி எப்சி. நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து கடலை உரித்தேன். ஆனால் பட்டணம் இருந்தது உண்மை, அதற்குள் ஒரு பாம்பு புகுந்தது உண்மை, அந்தப் பாம்பை எப்சி பிடித்த விதமும் உண்மை. மூன்று உண்மைக்கு ஒரு பொய் என்பது என் வழக்கத்துக்கு ரொம்பக் குறைச்சல்.

எப்சிக்கு முப்பது தாண்டிவிட்டது. ஸ்ரீவில்லிபுத்தூரில் சங்கரலிங்கம் என்ற வக்கீலிடம் குமாஸ்தாவாக இருக்கிறாள். காலையில் பஸ் ஏறினால், வழக்குக் கட்டுகளைச் சுமப்பது, வாய்தா தேதி குறிப்பது, "இன்னைக்கும் நடக்கலியா தாயி?" என்று கேட்கும் கட்சிக்காரர்களுக்குப் பதில் சொல்வது என்று பகல் முழுக்க ஓடிவிடும். சங்கரலிங்கம் நல்ல மனிதர். ஆனால் இத்தனை வருடமாக வேலை பார்க்கும் எப்சியை இன்னும் "ஏம்மா" என்றுதான் கூப்பிடுகிறார். பெயர் தெரியாமல் இல்லை, தேவைப்பட்டதில்லை.

சாயங்காலம் வீடு திரும்பி, முகம் கழுவி, மடிக்கணினியைத் திறந்தால் அவள் டாக்டர் மல்லி. செண்பகப்பட்டணத்தின் ஒரே ஆம்புலன்ஸ் அவளுடையது.

செண்பகப்பட்டணம் என்பது இணையத்தில் பலர் சேர்ந்து வேடம் கட்டி ஆடும் விளையாட்டு. கூத்து என்றே வைத்துக்கொள்ளுங்கள். என்ன, பார்ப்பதற்கு ஆள் கிடையாது, எல்லோரும் வேடக்காரர்கள். துபாயில் கணக்கு எழுதுபவர் இங்கே போலீஸ்காரர். திருப்பூரில் பனியன் மடிப்பவர் இங்கே திருடன். திருடன் திருட வேண்டும், போலீஸ் துரத்த வேண்டும், கார் மோதினால் அடிபட்டவர் ஆம்புலன்ஸ் வரும்வரை ரோட்டில் படுத்து முனக வேண்டும். மைக்கில் நிஜமாகவே முனகுவார்கள். பட்டணத்துக்கு உள்ளே வந்தபின் யாரும் வேடத்தைக் கலைக்கக் கூடாது என்பதுதான் முதல் சட்டம். அந்தச் சட்டத்தை எழுதியவன் ஜெர்வின். கான்சாபுரத்துப் பையன், கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் வேலை. தன் சம்பளத்தில் சர்வர் வாடகைக்கு எடுத்துப் பட்டணத்தைக் கட்டியவன் என்பதால் அவனே அதற்கு மேயர்.

மல்லியின் ஆம்புலன்ஸ் சங்கு ஊதினால் லாரி, பஸ், மந்திரி கார் எல்லாம் ஒதுங்கும். எப்சிக்கு வேண்டியது அவ்வளவுதான். பகல் முழுதும் யாருக்காகவாவது ஒதுங்கி நிற்பவளுக்கு, மற்றவர்கள் ஒதுங்குவதைப் பார்க்க ஓர் இடம் வேண்டாமா?

அந்த இடத்துக்குத்தான் கட்டுவிரியன் வந்தான்.

அதுதான் அவன் வைத்துக்கொண்ட பெயர். குரலை மாற்றும் கருவி போட்டிருந்தான். கிணற்றுக்குள் இருந்து பேசுவது போல் கேட்கும். சினிமாவில் கேட்டுப் பழகிய மெட்ராஸ் பாஷை பேசுவான். ஒரு பெரிய லாரியை ஓட்டிக்கொண்டு வந்து டீக்கடைமேல் ஏற்றுவான், கல்யாண ஊர்வலத்துக்குள் விடுவான். அடிபட்டுக் கிடப்பவரைக் காப்பாற்ற மல்லி வந்தால் ஆம்புலன்ஸ்மேலும் ஏற்றுவான். ஏற்றுமுன் ஒரு பழக்கம் அவனுக்கு: யாரை இடிக்கப் போகிறானோ அவர் பெயரை மூன்று தரம் கூப்பிடுவான். "டாக்டர் மல்லி… டாக்டர் மல்லீஇ… டாக்டர் மல்லி!" மூன்றாவது முடிவதற்குள் லாரி மேலே வந்திருக்கும். ஏற்றியபின் வாய் திறந்தால், கடலைத் தட்டை எடுத்துக்கொண்டு நான் அடுப்படிக்குப் போய்விட வேண்டிய பேச்சு.

இவனைச் சமாளிக்க என்னென்னவோ செய்து பார்த்தார்கள். முதலில் நல்ல வார்த்தை சொன்னார்கள். அதைத் திரும்பச் சொல்லிக் கேலி செய்தான். வாயை அடைத்தார்கள், பேசாமல் இடித்தான். ஜெர்வின் அவனைப் பட்டணத்தை விட்டே தள்ளித் தடை போட்டான். செத்த நேரத்தில் கட்டுவிரியன் இரண்டாமவன் வந்தான். அடுத்து மூன்றாமவன், நல்லபாம்பு, அப்புறம் மலைப்பாம்பு. ஒவ்வொரு தடையையும் பதக்கம் மாதிரிச் சொல்லிக்கொண்டான். அதைப் பார்த்து டைனமைட் என்று ஒருவன், அவனுக்குப் பின்னால் இன்னும் சிலர், தாங்களும் பதக்கம் வாங்கக் கிளம்பினார்கள். நல்ல பிள்ளைகள் சிலர் பழிக்குப் பழி என்று இவர்கள் வண்டிகளை இடிக்கப் போய், நாளடைவில் யார் வம்பன், யார் நல்லவன் என்றே தெரியாமல் போனது.

நானும் ஒரு நாள் உதவி செய்தேன். எப்சி குளிக்கப் போயிருந்தபோது மைக்கைப் பிடித்து, அவன் பரம்பரையைப் பற்றி எனக்குத் தோன்றியதை எல்லாம் இலக்கணப் பிழை இல்லாமல் சொன்னேன். அவன் அதைப் பதிவு செய்து தன் லாரிக்கு ஹாரனாக வைத்துக்கொண்டான். அதற்குப் பிறகு அவன் எங்கே வந்தாலும் என் குரல் முன்னால் வந்தது.

ஆட்கள் போகத் தொடங்கினார்கள். சத்தம் போட்டவர்கள் போகவில்லை. சத்தம் இல்லாதவர்கள் போனார்கள். சேத்தூரில் பரிபூரணம் என்று ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர், பிள்ளைகள் வெளிநாட்டில். பட்டணத்தில் பால்கோவாக் கடை வைத்திருந்தார். வீட்டில் பால் காய்ச்சினால் பொங்க விட்டுவிடுகிறவர். அங்கே அவர் கடைக்கு வரிசை நிற்கும். கட்டுவிரியன் லாரியைக் கடைக்குள் விட்டு, "இன்னா கெய்வி, வூட்ல அடுப்பு கெடையாதா?" என்று தொடங்கி, எழுத முடியாத இடத்தில் போய் முடித்தான். டீச்சர் மைக்கை அணைத்தார், போனார். அடுத்த சனிக்கிழமை வரவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமையும்.

ஜெர்வின் எப்சிக்குப் போன் போட்டான்.

"அக்கா, மாசக் கடைசியோட மூடிருதேன்."

"எதை?"

"பட்டணத்தத்தான். சர்வருக்குச் சொல்லிட்டேன். நாள் முழுக்க ஆபீஸ்ல ஒருத்தன் கத்துதான், வீட்டுக்கு வந்தா இவனுவ கத்துதானுவ. நான் காசு குடுத்துக் கத்து வாங்கணுமா?"

"ஏலே, என் ஆம்புலன்ஸு?"

"வேற சர்வர்ல சேந்துக்கோங்க. உங்க பேருக்கு எல்லாரும் எடுத்துக்கிடுவாவ."

"அங்க நான் புதுசாப் போயி நிக்கணும்லா. மறுபடி முதல்ல இருந்து ஏம்மாவா?"

ஜெர்வினுக்கு அது புரிந்திருக்காது. எனக்குப் புரிந்தது.

மறுநாள் கோர்ட்டில் வழக்கமான வேலைநாள். எந்தக் கோர்ட் என்று சொல்லமாட்டேன்; அங்கே ஐயாதுரை என்பவர் டவாலியாக இருந்தார் என்பது மட்டும் போதும். வெள்ளை உடுப்பு, குறுக்கே சிவப்புப் பட்டை, நெஞ்சில் பித்தளை வில்லை. நீதிபதி முன்னால் வழக்கு எடுக்கும்போது வாசலில் வந்து கட்சிக்காரர் பெயரை மூன்று தரம் கூப்பிடுவது அவர் வேலை. மற்றபடி அவரைப் போல் சாது கிடையாது. வயதான கட்சிக்காரர்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பார், எதிரே நேற்று வந்த வக்கீல் வந்தாலும் சுவரோடு ஒட்டி வழிவிடுவார். அவருடைய சொந்தக் குரலைக் கேட்க வேண்டுமானால் காதைப் பக்கத்தில் கொண்டு போக வேண்டும்.

அன்றைக்கு வத்திராயிருப்புப் பக்கத்து வாய்க்கால் தகராறு ஒன்று. ஐயாதுரை வாசலில் வந்து நின்றார்.

"மாரீஸ்வரி… மாரீஸ்வரீஇ… மாரீஸ்வரி!"

எப்சி கையில் இருந்த கட்டைக் கீழே வைத்தாள். முதல் தரம் சமமாக. இரண்டாம் தரம் இழுத்து. மூன்றாம் தரம் வெட்டி. எத்தனையோ வருடமாகக் கேட்டு, கேட்பதையே மறந்துவிட்ட ராகம். ஒருவேளை எல்லா டவாலிகளும் அப்படித்தான் கூப்பிடுவார்களோ என்று இன்னொரு கோர்ட் வாசலில் போய் நின்று கேட்டாள். அங்கே இருந்தவர் மூன்றையும் ஒரே மூச்சில் தட்டிவிட்டார். ராகம் இவருடையதுதான்.

மதிய இடைவேளை. ஐயாதுரை வழக்கம்போல வராந்தாக் கடைசித் தூணுக்குப் பின்னால் தனியாக உட்கார்ந்து எலுமிச்சைச் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எப்சி தூணுக்கு இந்தப் பக்கம் நின்று, முகத்தைக் காட்டாமல், அவர் ராகத்திலேயே கூப்பிட்டாள்.

"கட்டுவிரியன்… கட்டுவிரியேஏன்… கட்டுவிரியன்!"

டப்பா மூடி உருண்டது. கை நிறையச் சோற்றோடு எழுந்து நின்று, "ஆஜர், ஐயா" என்றார் ஐயாதுரை.

காலமெல்லாம் ஊரைக் கூப்பிட்டவர். அவரை யாரும் கூப்பிட்டதில்லை. பழக்கம் இல்லாத மனிதர் பதறித்தானே பதில் சொல்வார்?

"ஏட்டி எப்சி, நீயா?"

"நான்தான் அண்ணாச்சி. டாக்டர் மல்லி."

"அந்த மல்லி நீயா?" அவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "ஒன் வண்டி மேலயா நான் லாரிய ஏத்துனேன்?"

"ஒரு தரமா, ரெண்டு தரமா?"

"வெளிய சொல்லிராத தாயி. ரிட்டயர் ஆகப் போற நேரம். ஜட்ஜய்யா காதுக்குப் போச்சுன்னா அவிய முன்னால நான் எப்படி நிக்க?"

"அதிருக்கட்டும். ஏன் அண்ணாச்சி? எறும்பு வந்தாலும் ஒதுங்கி நிக்கிற ஆளு நீங்க."

ஐயாதுரை கையில் இருந்த சோற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "இங்க நான் கூப்பிட்டா ஓடி வாராவ. வந்து என்னையவா பாக்காவ? என்னத் தாண்டி உள்ள போயிருதாவ. கதவு கூப்பிட்ட மாதிரி. அங்க நான் கூப்பிட்டா எல்லாரும் ஓடுதாவ தாயி. என்னையப் பாத்து ஓடுதாவ." சொல்லும்போது வெட்கப்பட்டார். வெட்கத்துக்கு அடியில் கொஞ்சம் பெருமையும் இருந்தது என்று எப்சி சொல்கிறாள்.

"பால்கோவாக் கடை அம்மாவ என்ன பேச்சுப் பேசினீங்க? அவிய நெசத்துல டீச்சர். அதுக்குப் பொறவு வரவே இல்ல."

"டீச்சரா? எவனோ விடலப் பய பொம்பள வேசம் போட்டிருக்கான்னுல்ல நெனச்சேன்."

"விடலப் பயன்னா அம்புட்டும் பேசலாமா?"

அவர் உருண்ட மூடியை எடுத்து டப்பாவை மூடினார். "இனி அந்தப் பக்கம் தலவச்சுப் படுக்க மாட்டேன். இது சத்தியம்."

"அதான் கூடாது. நீங்க போயிட்டா ஒங்க சிஷ்யப் பயலுவள யாரு மேய்ப்பா? நீங்க வரணும். ஒங்க பேருல வாங்க, ஒங்க குரல்ல வாங்க. ஒரு வேலை வச்சிருக்கேன்."

எப்சி குமாஸ்தா. வழக்கை விட ராஜி எப்போது லாபம் என்பது அவளுக்குத் தெரியும்.

செண்பகப்பட்டணத்தில் போலீஸ் இருந்தது, ஜெயில் இருந்தது, கோர்ட் இல்லை. கட்டிவிடலாமா என்று எப்சி கேட்டபோது, "மூடப் போற ஊருதானக்கா, என்னமும் கட்டுங்க" என்றான் ஜெர்வின். எப்சி கட்டிய கோர்ட்டில் நீதிபதி அறை சின்னதாகவும் வராந்தா நீளமாகவும் இருந்தன. அதில்தான் விஷயமே இருந்தது.

நீதிபதியாக வரும்படி பரிபூரணம் டீச்சருக்குப் போன் செய்தாள். டீச்சர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: "அந்த லாரிக்காரன் மொதல்ல என் முன்னால நிக்கணும்." நின்றார் ஐயாதுரை, சொந்தக் குரலில், மைக்கில் காதை ஒட்டினால்தான் கேட்கும் அளவுக்கு. அவர் கேட்ட மன்னிப்பை ஏற்றுக்கொண்ட டீச்சர், தண்டனையும் கொடுத்தார். ஒரு வாரம் பால்கோவாக் கடையில் நின்று வருகிறவர்களை எல்லாம் "வாங்க, உக்காருங்க" என்று கூப்பிட வேண்டும். எல்லோரையும் மூன்று தரம் கூப்பிட்டார். வியாபாரம் கூடியதாகக் கேள்வி.

பிறகு ஐயாதுரை அந்தக் கோர்ட்டுக்கும் டவாலியானார், சட்டமும் வந்தது. இனி யாருக்கும் தடை கிடையாது. வம்பு செய்தால் சம்மன். சம்மன் வந்தவரின் வண்டி கோர்ட் வளாகத்தில் நிற்கும். அவர் வராந்தாவில் உட்கார வேண்டும். டவாலி எப்போது கூப்பிடுவார் என்று யாருக்கும் தெரியாது. கூப்பிடும்போது இல்லையென்றால் வாரண்ட். இருந்தால் விசாரணை, பெரும்பாலும் வாய்தா. புதுப் பெயரில் வரலாமா? தாராளமாக வரலாம். ஆனால் பட்டணத்தில் இருக்கும் ஒருவர் ஜாமீன் நிற்கும்வரை வண்டிச் சாவி கிடையாது, நடைதான்.

டைனமைட்டுக்கு முதல் சம்மன். வீராப்பாக வந்து உட்கார்ந்தான். பக்கத்தில் ஒரு பாட்டியம்மா வேடக்காரர், கோழி திருடிய வழக்கு. உள்ளே டீச்சர் வாய்க்கால் வரப்புத் தகராறு ஒன்றை வரப்பு வரப்பாக விசாரித்துக்கொண்டிருந்தார்.

"ப்ரோ, எப்ப கூப்பிடுவீங்க?" என்று கேட்டான் டைனமைட்.

"கூப்பிடும்போது தெரியும். சத்தம் போடாதீங்க, உள்ள கோர்ட் நடக்குது," என்றார் ஐயாதுரை.

அன்று கூப்பிடவில்லை. மறுவாரம் கூப்பிட்டார்; வாய்தா. அதற்கடுத்த வாரம் நீதிபதிக்கு நிஜமாகவே பல்வலி. டைனமைட்டின் குரல் மாறிக்கொண்டே வந்தது.

"டாக்டரக்கா, நீங்களாவது சொல்லுங்க. என்னைய பேன் பண்ணிருங்க அக்கா. ப்ளீஸ். நான் போயிருதேன்."

"அதெல்லாம் என் கையில இல்ல தம்பி. மனுப் போடுங்க. நம்பர் ஆனா எடுப்பாவ."

திட்டினால் திரும்பத் திட்டத் தெரிந்தவர்கள், தள்ளினால் திரும்ப வரத் தெரிந்தவர்கள். சும்மா உட்காரச் சொன்னதும் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். ஆனால் ஏற்கெனவே போன நல்லவர்கள் திரும்பவில்லை. மாசக் கடைசி வந்துவிட்டது. மேயர் வேடத்தில் ஜெர்வின் பட்டணத்துக்குள் வந்து, சந்தை நடுவில் நின்று, "எல்லாருக்கும் நன்றி, இன்னியோட மூடுறோம்" என்று தொடங்கினான்.

அப்போது கேட்டது அந்தக் குரல்.

"மேயர் ஜெர்வின்… மேயர் ஜெர்வீஇன்… மேயர் ஜெர்வின்!"

பட்டணத்தை மூடக் கூடாது என்று டாக்டர் மல்லி மனுப் போட்டிருந்தாள். எதிர்மனுதாரர் மேயர்.

"அக்கா, வெளையாடாதீங்க," என்றான் ஜெர்வின்.

"வேசத்தக் கலைக்காதீங்க மேயர் ஐயா. நீங்க போட்ட சட்டம்," என்றாள் எப்சி.

போய் வராந்தாவில் உட்கார்ந்தான். மேயர் வராந்தாவில் உட்கார்ந்திருக்கிறார் என்ற செய்தி எப்படிப் பரவியதோ, துபாயிலிருந்தும் திருப்பூரிலிருந்தும் ஆள் வந்தார்கள். போனவர்களில் பாதிப்பேர் வேடிக்கை பார்க்கத் திரும்பி வந்து வளாகம் முழுக்க நின்றார்கள். ஐயாதுரை மேயரையும் அவசரமாக உள்ளே கூப்பிடவில்லை. பக்கத்து இடத்தில் டைனமைட்.

"ப்ரோ, உங்க மேல என்ன கேஸு?"

"பட்டணத்த மூடப் பாத்தேனாம்."

"என்னது, மூடவா? ஐயோ, மூடிராதீங்க ப்ரோ! என் கேஸ் இன்னும் முடியல. வண்டி வேற உள்ள கெடக்கு!"

வளாகமே சிரித்தது. ஜெர்வினும் சிரித்துவிட்டான். சிரித்தபிறகு மூடுவது கஷ்டம். டீச்சர் அவனைக் கூப்பிட்டு, அவசரப்பட்டு அடித்து முடித்துவிட இது பள்ளிக்கூட மணி அல்ல என்று சொல்லி, வழக்கு முடியும்வரை இருக்கிறபடியே இருக்கட்டும் என்று உத்தரவு போட்டு, வழக்கை ஒத்திவைத்தார். அது இன்றுவரை ஒத்திவைக்கப்பட்டு வருகிறது. ஜெர்வின் மாதாமாதம் வாடகை கட்டுகிறான். வழக்கு நடக்கும்போது சொத்தை மூட முடியாது என்று காரணம் சொல்கிறான். ஆம்புலன்ஸ் ஓடுகிறது. சிவப்பு விளக்கைத் தாண்டினாள் என்று எப்சிக்கே ஒரு சம்மன் வந்து, அவளும் வராந்தாவில் உட்கார்ந்தாள். "டாக்டர் மல்லி" என்று மூன்று தரம் கூப்பிட்டபோது மனசு நிறைந்துவிட்டது என்றாள்.

ஐயாதுரை போன மாதம் ஓய்வு பெற்றார். அதனால்தான் இதை எழுதுகிறேன். பெயரை மாற்றிவிடலாமா என்று கேட்டதற்கு, வேண்டாம், பெரிய எழுத்தில் போடுங்கள் என்றார். இன்று காபிக்கு வந்தவரிடம் எழுதியது முழுவதையும் வாசித்துக் காட்டினேன். 'இப்போது செண்பகப்பட்டணத்தில் மருந்துக்குக்கூட ஒரு வம்பன் கிடையாது. எல்லோரும் ஓடிவிட்டார்கள்' என்பது என் கடைசி வரி.

அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"அப்படி எழுதாதீங்கம்மா. டைனமைட்டு இன்னும் வராந்தாவுலதான் உக்காந்திருக்கான். அவன் மொற மறுபடி என்னைக்கோ வந்திருச்சு. நான்தான் இன்னும் கூப்பிடல."